இலச்சினைக்கு முன் இழை: இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை எங்கே தொடங்குவது?

வடிவமைப்புப் படிக்கும் மாணவரிடம் இறுதியாண்டில் பெரும்பாலும் கேட்கப்படுவது, வணிக அடையாளமும் தொழில்நுட்பமும் கணினிவழி உற்பத்தியும் கலந்த ஒரு செயற்றிட்டம். அந்தச் செயற்றிட்டங்கள் வழமையாக ஒரே தடத்தில்தான் போகின்றன. முதலில் கற்பனையான ஒரு நிறுவனத்துக்குப் பெயர் வைக்கப்படும். அடுத்து இலச்சினை வரும். அதன்பின் செல்பேசிச் செயலிக்கான திரை மாதிரிகள் நாலைந்து. கடைசியாக, அதே இலச்சினையை லேசரில் வெட்டிய ஒரு சாவிக்கொத்தோ, 3டி அச்சில் எடுத்த ஒரு மேசைப்பொருளோ காட்சிக்கு வைக்கப்படும். மூன்றும் இருக்கின்றன, ஆனால் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் எந்த நட்டமும் இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏற்கெனவே ஒரு பொருளைச் செய்துகொண்டிருப்பவரின் வேலையில் உள்ள ஒரு தடையிலிருந்து தொடங்குங்கள். அந்தத் தடையை நீக்கும் கருவியை இயந்திரத்தில் செய்யுங்கள். அந்தக் கருவிக்காக நீங்கள் திரட்டும் அளவுகளிலிருந்தே வணிக அடையாளம் பிறக்கட்டும்.

கிழக்கிலங்கையின் சொறிக்கல்முனையில் வாழும் ஒரு மாணவருக்கு இதற்கான களம் தூரத்தில் இல்லை. கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் கல்முனை, அங்கிருந்து மட்டக்களப்பு வீதியில் சற்று வடக்கே போனால் மருதமுனை. தலைமுறைகளாகக் கைத்தறிச் சாரனுக்கும் சேலைக்கும் பெயர்பெற்ற ஊர் அது. 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையோரத்தைச் சிதைத்த பிறகும் அங்கே தறிச் சத்தம் நிற்கவில்லை. களப்பணியை மாரிக்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயும் நாட்களில் இந்தப் பாதை தடைப்படும். போகும்போது மடிக்கணினியைவிட ஓர் அளவுகோலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் குறிப்புப் புத்தகமும் கூடுதலாக உதவும்.

ஒரு சாரன் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். நெசவாளரைப் பொறுத்தவரை அது இழைகளின் வரிசை. பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகளில், 24 கறுப்பு, 4 வெள்ளை, 8 சிவப்பு, மறுபடி 4 வெள்ளை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 40 இழை. பாவிழைகளை இடைவெளியோடு நிறுத்தும் தறி அச்சில் அங்குலத்துக்கு 60 இழை என்றால் அந்தச் சுற்றின் அகலம் மூன்றில் இரண்டு அங்குலம், அதாவது ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். 48 அங்குலத் துணியில் அது 72 முறை திரும்பும். குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே வரிசையைப் போட்டு, அங்குலத்துக்கு 50 இழை மட்டும் விழும்படி அடித்தால், கட்டத்தின் உயரம் 20 மில்லிமீற்றருக்கு மேல் போய்விடும். கணினித் திரையில் சதுரமாக வரைந்தது துணியில் நீள்சதுரமாக வரும். இதைத் திரை சொல்லாது. அடியின் வலுவை எவ்வளவு வைத்தால் கட்டம் சதுரமாகும் என்பது தறியில் இருப்பவரின் கைக்குத் தெரியும். நிறத்திலும் இப்படித்தான். சாதா நெசவில் பாவும் ஊடையும் பாதிப்பாதி தெரிவதால், மூன்று நிற நூல் போட்டால் துணியில் ஆறு நிறம் கிடைக்கும். தன்னோடு தான் சந்திக்கும் இடங்களில் மூன்று தனி நிறம், ஒன்றோடொன்று சந்திக்கும் இடங்களில் மூன்று கலப்பு நிறம். நான்கு நூல் என்றால் பத்து. வடிவமைப்பு மென்பொருளின் நிறத்தட்டில் இந்தக் கலப்பு நிறங்களைத் தேடினால் கிடைக்காது. சிவப்பும் கறுப்பும் கலந்த அந்த மங்கல் சிவப்பு, நூலும் நூலும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே இருக்கிறது.

வணிக அடையாளம் இங்கேதான் தொடங்குகிறது. 24–4–8–4 என்ற அந்த எண்வரிசை ஒரு முழு அடையாளத்தைத் தாங்கப் போதுமானது. ஸ்கொட்லாந்து இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. 2008இல் இயற்றிய சட்டத்தின்படி அந்நாட்டு அரசு டார்ட்டன் என்ற கட்டத் துணிகளுக்கென்று ஒரு பதிவேட்டை வைத்திருக்கிறது. 2009 முதல் இயங்கும் அதில் துணியின் அடையாளமாகப் பதிவாவது நிறங்களும் இழை எண்ணிக்கையும்தான். நம் நாட்டிலேயே இதைவிட நெருக்கமான சான்று உண்டு. பார்பரா சன்சோனி 1964இல் கொழும்பில் தொடங்கிய 'பெயார்ஃபுட்' நிறுவனத்தின் துணியைப் பார்த்தவர்கள் பெயர்ச்சீட்டைத் தேடுவதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வரும் துணிச்சலான கோடுகளே அது யாருடையது என்று சொல்லிவிடுகின்றன. கைத்தறியின் வழியாக, நிறங்களின் வரிசையால் கட்டப்பட்ட அடையாளம் அது. மருதமுனையின் ஒரு தறிக்கூடத்துக்கு நீங்கள் இலச்சினை வரையப் போகிறீர்கள் என்றால், அவர்கள் இதுவரை நெய்த சாரன்களில் எந்த வரிசை திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

இதற்கு எதிரான கவர்ச்சி ஒன்று இருக்கிறது, அது அதிகம் படித்த மாணவர்களையே பிடிக்கும். கணினி ஒரு வடிவத்துக்கு ஆயிரம் மாற்றுருவங்களை நொடியில் தருமே, அதையே அடையாளம் ஆக்கினால் என்ன என்ற எண்ணம் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேப் 2011இல் அப்படித்தான் செய்தது. ஒரு நிரல் 40,000 வடிவங்களை உருவாக்கும், ஒவ்வொருவருக்கும் தனி இலச்சினை. கண்டுபிடிப்பாக அது பாராட்டப்பட்டது. ஆனால் 2014இலேயே அந்த நிறுவனம் பென்டகிராம் என்ற வடிவமைப்பு நிறுவனத்தின் மைக்கல் பியரூட் குழுவிடம் புதிய அடையாளத்தைப் பெற்றுக்கொண்டது. ஏழுக்கு ஏழு கட்டத்தில் எழுத்துகளை அடுக்கிய நிலையான ஒரு மூல இலச்சினையும், அதே கட்டத்திலிருந்து 23 ஆய்வுக் குழுக்களுக்கான குறிகளும் வந்தன. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: மாறுவது எவ்வளவு இருந்தாலும், மாறாதது எது என்று முடிவெடுக்காவிட்டால் மனிதர் மனதில் எதுவும் தங்காது. நெசவாளருக்கு இது புதிதல்ல. சாரனின் நிறங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், சுற்றின் ஒழுங்கு மாறாது.

இனி கருவிக்கு வருவோம். இழை வரிசையைத் திட்டமிட நெசவு வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் பழைய முறை, ஓர் அட்டையில் நூலைச் சுற்றிப் பார்ப்பது. பாவு ஓடுவதற்கு முன்பே கோடுகளின் விகிதத்தை அது காட்டிவிடும், நூலும் வீணாகாது. இந்த அட்டையை லேசரில் வெட்டுவது ஒரு மாணவருக்கு மிகப் பொருத்தமான முதல் வேலை. ஆனால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு பல் வெட்ட முயலாதீர்கள். அங்குலத்துக்கு 60 இழை என்றால் ஓர் இழைக்கு 0.42 மில்லிமீற்றர்தான். லேசர் கதிரே ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை எரித்துக்கொண்டு போகும். ஆகவே கோடுகளின் எல்லையை மட்டும் வெட்டுங்கள்: 10.2, 1.7, 3.4, 1.7. அந்த 1.7இலும் கதிர் தின்னும் அளவு பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாம் என்பதால், முதலில் ஒரு சோதனைத் துண்டை வெட்டி அளந்து கோப்பைத் திருத்த வேண்டும். ஈரப்பதம் கூடிய இந்தக் கரையோரத்தில் எம்.டி.எஃப் பலகை ஊதும் என்பதால் அதைத் தவிர்த்து அக்ரிலிக் எடுக்கலாம். பி.வி.சி தகட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் லேசரில் வைக்கக் கூடாது. அது எரியும்போது வரும் குளோரின் சார்ந்த புகை நுரையீரலையும் இயந்திரத்தையும் கெடுக்கும். 3டி அச்சில் பாவிழைகளைப் பிடிக்கும் கொக்கி, நூற்சுருள் தாங்கி போன்ற சிறு பாகங்களைச் செய்யலாம். மலிவான பி.எல்.ஏ ஏறக்குறைய 60 பாகை வெப்பத்தில் இளகிவிடும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்தால் வளைந்துபோகும், பெட்-ஜி அதைவிடத் தாங்கும். ஊடை நூலைத் தாங்கி ஓடும் நாடாவை அச்சிட ஆசை வரும், வேண்டாம். அச்சடித்த பிளாஸ்டிக்கின் அடுக்குக் கோடுகள் பாவிழையை உராய்ந்து அறுக்கும். வழவழப்பாகக் கடைந்த மரத்துக்கு அங்கே மாற்று இல்லை.

கைத்தறிக்குள் கணினி இயந்திரத்தைக் கொண்டுவருவது கைத்தறியையே விழுங்கிவிடாதா என்பது வலுவான ஆட்சேபம், அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வரிசையை எண்ணாக எழுதிவைத்தால், அதே எண்ணை விசைத்தறி ஆலை ஒன்று எடுத்து மலிவாக நெய்துவிடலாம். ஜோசப் மரி ஜக்கார்ட் 1804இல் துளையிட்ட அட்டைகளால் இயங்கும் தறிப் பொறியைக் கொண்டுவந்தபோது பிரான்சின் லியோன் நெசவாளர்கள் அதை எதிர்த்ததற்குக் காரணம் அறியாமை அல்ல. தங்கள் வேலையில் ஒரு பகுதி அட்டைக்குள் போவதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அதே பொறி பிறகு வேறு விதமாகவும் வாழ்ந்தது. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளின் மேல் ஜக்கார்ட் ஏறியது. அட்டைக் கோவையின் இடத்தில் மின்னணுப் பெட்டி வந்த தறிகளிலும் நாடாவை எறிவதும் அடிப்பதும் மனிதர்தான். நோர்வேயில் செய்யப்படும் 'டிசி2' என்ற தறியில் பாவிழைகளைக் கணினி தூக்கும், ஊடையை நெசவாளர் கையால் போடுவார். எந்த வேலை இயந்திரத்துக்குப் போகிறது, எந்த முடிவு நெசவாளரிடம் தங்குகிறது என்பதில்தான் கைத்தறியின் வாழ்வும் சாவும் இருக்கிறது. எண்ணுவது, நினைவில் வைப்பது, அளப்பது ஆகியவை இயந்திரத்துக்குப் போகலாம். எந்த வரிசை, எந்த நிறம், எவ்வளவு அடி என்பதை மாணவரோ மென்பொருளோ எடுத்துக்கொண்டால் அந்தச் செயற்றிட்டம் தவறு என்றே நான் சொல்வேன், மதிப்பெண் எவ்வளவு வந்தாலும்.

'எங்கள் ஊரில் ஆய்வுகூடம் இல்லை' என்ற குறையையும் கொஞ்சம் அலசிப் பார்க்க வேண்டும். எம்.ஐ.டியின் நீல் கெர்ஷன்ஃபெல்ட் தொடங்கிவைத்த ஃபேப் லேப் என்ற உற்பத்தி ஆய்வுகூட இயக்கம் அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வேர்விட்ட இடங்களில் ஒன்று, மகாராட்டிரத்தில் புனே அருகே பாபல் என்ற கிராமம். 2002இல் அங்குள்ள விக்ஞான் ஆசிரமம் என்ற கிராமியக் கல்வி நிலையத்தில்தான் அது அமைந்தது. கருவிகளும் எட்டாதவை அல்ல. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை 2005இல் இத்தாலியின் இவ்ரேயாவில், ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்து மாணவர்கள் மலிவாகப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக உருவானது. பொறியியலாளர்களுக்கென்றே பிறந்த பொருள் என்று எண்ணி வடிவமைப்பு மாணவர்கள் இதிலிருந்து ஒதுங்கத் தேவையில்லை. நம் பக்கத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இருக்கின்றன, அனுமதி கேட்டுக் கடிதம் எழுதலாம். அதற்கும் முன்னால் கடைத்தெருவைப் பாருங்கள். பெயர்ப்பலகைக் கடையில் ஸ்டிக்கர் வெட்டும் பொறியும், அபாயாவுக்குப் பூவேலை போடும் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரமும் கணினிக் கோப்பைப் பொருளாக்குபவைதான். 3டி அச்சுக்கு மட்டுமே கணினிவழி உற்பத்தி என்ற பெயர் உரியது என்று பாடநூல்கள் தரும் தோற்றம் மாணவர்களைக் கடைத்தெருவின் பக்கம் திரும்பவிடாமல் செய்கிறது. எம்பிராய்டரி இயந்திரத்தை ஓட்டுபவர் நூல் இழுவையைப் பற்றிச் சொல்லித் தருவது எந்தக் கற்கைநெறியிலும் கிடைக்காது.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். துணியோடு கட்டும் பெயர்ச் சிட்டை மூன்று மொழியிலும் வரும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுத் தமிழைக் கடைசியில் ஒட்டுவது கண்ணுக்கு உடனே தெரியும். இலங்கையின் எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் உருவாக்கிய கவிவாணர், பவனம் ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்கலாம். வெட்டும்போது தமிழுக்கென்று தனியான சிக்கல்கள் உண்டு. ஸ்டிக்கரில் 'கல்முனை' என்று வெட்டினால், 'ல்' மேலுள்ள புள்ளி தனித் துணுக்காக நிற்கும். ஒட்டும் அவசரத்தில் அது தொலைந்தால் ஊர் 'கலமுனை' ஆகிவிடும். தகட்டில் துளையாக வெட்டினால் 'னை'யின் சுழிக்குள் இருக்கும் பகுதி உதிர்ந்து விழும். அதைத் தாங்க ஒரு மெல்லிய பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தின் அகலத்தைச் சாரனின் வெள்ளைக் கோட்டின் அகலமான 1.7 மில்லிமீற்றருக்கே வைத்தால் எழுத்தும் துணியும் ஒரே அளவில் பேசும். சிட்டையின் ஓரத்தில் 17 மில்லிமீற்றர் அகலமாக, உண்மை அளவிலேயே ஒரு சுற்றைக் கோடுகளாகப் போட்டால் அதுவே இலச்சினை. வாங்குபவர் அதைத் துணிமேல் வைத்துப் பார்க்கலாம், கோடு கோட்டோடு பொருந்த வேண்டும்.

தொழில்நுட்பம் என்றதும் கியூ.ஆர் குறியை ஒட்டிவிடும் பழக்கம் பரவியிருக்கிறது. 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட அந்தக் குறி, மிக உயர்ந்த திருத்த நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சிதைந்தாலும் வாசிக்கப்படும். ஆனால் அது சுட்டும் இணைய முகவரி அப்படித் தாங்காது. மாணவர் பட்டம் பெற்ற அடுத்த வருடம் முகவரிக்கான கட்டணம் கட்டப்படாமல் போக, நூற்றுக்கணக்கான சிட்டைகள் வெற்றுப் பக்கத்தைக் காட்டும். ஆகவே குறிக்குள் முகவரியை மட்டும் வைக்காமல், இழை வரிசை, நூல் வகை, தறிக்கூடத்தின் பெயர் ஆகியவற்றை நேரடி எழுத்தாகவே பதியுங்கள். இணையம் இல்லாமலும் செல்பேசி அதை வாசிக்கும். கடைகளுக்கான பார்கோடு வேறு வகை. அதன் 479 என்ற தொடக்கம் எண் இலங்கையில் வழங்கப்பட்டதை மட்டும் சொல்கிறது, பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

போலியை எப்படித் தடுப்பது என்ற கேள்விக்குத் தொழில்நுட்பத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவத்தைப் பதியலாம். அது ஐந்து வருடம் செல்லும், இரண்டு முறை நீடிக்கலாம். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும் என்பதால் பரம்பரையாக நெய்துவரும் கட்டத்துக்கு அது உதவாது. இங்கே பொருந்துவது அதே சட்டத்தில் உள்ள கூட்டுக் குறி. சங்கமாக இயங்கும் நெசவாளர்கள் ஒரு நிபந்தனையை வகுத்து, அதற்கு உட்பட்ட உறுப்பினர்களுக்கு மட்டும் குறியைப் பயன்படுத்தும் உரிமை தரலாம். நிபந்தனை கறாராக இருந்தால் குறி மதிப்புப் பெறும். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையைப் பாருங்கள். முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்ற விதி பின்னால் இருப்பதால்தான் அந்தச் சிங்கத்துக்கு விலை. இந்தியா 2006இல் கொண்டுவந்த கைத்தறிக் குறியும் கையால் நெய்தது என்ற ஒரே வாக்குறுதியைச் சுற்றித்தான் நிற்கிறது. மாணவரால் சட்டப் பதிவைச் செய்ய முடியாது, அது நெசவாளர்களின் முடிவு. ஆனால் நிபந்தனையை எழுதுவதற்கு வேண்டிய அளவுகள் அவர் குறிப்புப் புத்தகத்தில் இருக்கும். நல்ல சூட் துணிகளின் கரையில் ஆலையின் பெயர் நெய்யப்படுவதுபோல, ஒவ்வொரு தறிக்கும் கரையில் நாலைந்து இழையில் ஒரு தனிக் குறியை நெசவாளரோடு சேர்ந்து வகுக்கலாம். எந்தச் சாரன் எந்தத் தறியில் இறங்கியது என்பதைக் கத்தரிக்க முடியாத இடத்தில் அது சொல்லும்.

நூல் சுற்றும் ஓர் அட்டையையும் சிட்டையையும் கரைக்குறியையும் வைத்தால் பரீட்சகர்கள் இதில் புதுமை எங்கே என்று கேட்கமாட்டார்களா? கேட்கலாம், கேட்கட்டும். கல்முனைக்கு அடுத்த காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழ்களின் இசைமுறையையும் அமைப்பையும் கணிதத்தின் துணையால் மீட்டெடுத்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. அறிவியல் கற்ற ஒருவர் கணக்கையும் கருவியையும் கலையையும் ஒரே ஆய்வாக நடத்திய மண் இது. பரீட்சகருக்குக் காட்ட வேண்டியது பளபளப்பான இறுதிப் படம் மட்டுமல்ல. வெட்டித் தவறிய சோதனைத் துண்டுகளைத் திகதியோடு வையுங்கள். திரையில் வரைந்த கட்டத்தையும் தறியில் இறங்கிய கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாட்டை மில்லிமீற்றரில் எழுதுங்கள். நெசவாளர் எந்த இடத்தில் உங்கள் யோசனையை மறுத்தார், ஏன் மறுத்தார் என்பதையும் பதியுங்கள்.

ஒப்படைக்கும் நாளைத் தனியாகத் திட்டமிடுங்கள். வெட்டுக் கோப்பை டி.எக்ஸ்.எஃப் வடிவிலும், எல்லா அளவுகளையும் தாளில் தமிழிலும், தறிக்கூடத்தில் ஒரு பிரதியும் பக்கத்து ஸ்டிக்கர் கடையில் ஒரு பிரதியுமாகக் கொடுங்கள். உடையக்கூடிய பாகம் ஒவ்வொன்றிலும் மேலதிகமாக இரண்டைச் செய்து வையுங்கள். செயற்றிட்ட அறிக்கையில் எந்த வரிசையை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று நெசவாளரிடம் கேட்டு, அவர் மறுத்ததை அச்சுக்குப் போகும் முன்பே நீக்கிவிடுங்கள். பிறகு நீங்கள் அங்கே இல்லாத ஒரு நாளில், அட்டை உடைந்துபோனால் உங்களை அழைக்காமல் புதிய அட்டையை அவர்களால் வெட்டி எடுத்துக்கொள்ள முடிகிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.